ஒரு ரூபாய்க் காசளவு

போன மாதம் ஒரு மத்தியானம் கிருஷ்ணன்கோவிலிலிருந்து பாண்டி போன் செய்தான். கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சலூனில் வேலை பார்க்கிறவன். என்னைவிட நாலு வயது இளையவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அண்ணே, ஒரு காலேஜ் பையன் வந்தான். எடது புருவத்துல சின்னதா ஒரு கோடு போடச் சொன்னான்."

"போட்டியா?"

"போட்டேன். அம்சமா வந்துச்சு. பொறவு..."

"வலது புருவத்துலயும் போட்டுட்ட."

"அதுக்குள்ள உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருக்கான்ணே. வையவும் மாட்டேங்கான், எந்திரிக்கவும் மாட்டேங்கான்" என்றான். மன்னிப்புக் கேள், முடி வளர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லாதே, அது அவனுக்கே தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டான். "நீங்களும் இப்படி ஒண்ணு செஞ்சீகளாமே. அத நம்ம சங்க மலர்ல எழுதுங்கண்ணே. பாண்டி ஒருத்தன்தான் கிறுக்கன்னு யாரும் சொல்லாம இருப்பாக."

எங்கள் முடிதிருத்துவோர் சங்கம் போடும் மலரில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதி ஒன்று உண்டு. எழுபது வயதுக்காரர்கள் எழுதும் இடம். நான் இருபத்தொன்பது வயதில் எழுதுகிறேன். தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ராஜபாளையத்தில் கத்தி பிடித்தேன். கத்தியிலிருந்து ஓய்வு பெற்றவன்தானே என்று சங்கத்தில் எனக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

என் அப்பா கூமாப்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், முடித்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். "கத்தியத் தொடுறதுன்னா தொடு. பள்ளிக்கூடத்தத் தொட்டுட்டுத் தொடு" என்பார். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொட்டேன். தன் தகரப் பெட்டியோடு வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு அவர் என்னை ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. நாற்காலியும் கண்ணாடியும் இருக்கிற இடத்தில்தான் நீ நிற்க வேண்டும் என்று, ராஜபாளையத்தில் மாரியக்காவின் சலூனில் கொண்டுபோய் விட்டார். காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் சலூன். பட்டம் வாங்கிய பிறகு முழு நாளும் சலூன். பழகிய கதை நம் எல்லோருக்கும் ஒன்றுதான்: முதலில் நுரை பூசி, உடையாமல் மழிக்கிற பலூன், அப்புறம் சித்தப்பாவின் முகம், அப்புறம் அவசரத்தில் வந்து யார் கையில் உட்காருகிறோம் என்று பார்க்காத முகங்கள். ஒன்றரை வருடம் பிடித்தது. அதை விட்டுவிடுகிறேன்.

மாரியக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சலூன் அவருடைய வீட்டுக்காரருடையது. அவருக்குத் திடீரென்று வலது கை விளங்காமல் போனபோது, கடையை விற்றுவிடச் சொல்லிப் பலரும் வந்தார்களாம். அக்கா விற்கவில்லை. கத்தியை அவரே எடுத்தார். பொம்பளை கையில் தாடையைக் கொடுக்க யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. அக்கா ஒரு காரியம் செய்தார். தினமும் காலையில், முதல் ஷிப்ட்டுக்கு மில் ஆட்கள் தெருவில் போகிற நேரம் பார்த்து, தன் வீட்டுக்காரரை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து மழிப்பார். போகிறவர்கள் போகிற போக்கில் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது மாதம் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அந்த அண்ணாச்சி மூஞ்சி மாதிரியே எனக்கும் வேணும்" என்று உட்கார்ந்தாராம். நான் சேரும்போது அக்காவின் நாற்காலிக்குத்தான் ஆட்கள் காத்திருந்தார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் பேருந்துக்கு நேரமாகிவிட்டவர்கள்.

அவர் யாரையும் சேரில் ஆள் இருக்கும்போது திட்டமாட்டார். "சேர்ல இருக்கவருக்கு நம்ம சண்ட தெரியக்கூடாதுலே. தெரிஞ்சா கழுத்து இறுகிப்போகும். இறுகுன கழுத்துல கத்தி ஓடாது" என்பார். திட்ட வேண்டியதைக் கடை சாத்தும்போது, கூட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொல்வார். அதற்குள் நமக்கே தெரிந்திருக்கும்.

ராஜபாளையத்துத் தாடி வேறு தாடி. பஞ்சாலையிலும் பேண்டேஜ் துணித் தறியிலும் வேலை பார்க்கிறவர் முகத்தில் தாடியோடு பஞ்சும் சேர்ந்தே வளரும். தெரியாமல் அதன் மேல் தண்ணீரைத் தொட்டால் போச்சு. பஞ்சும் சோப்பும் சேர்ந்து பசையாகிக் கத்தியின் வாயை அடைத்துவிடும். பிளேடு மழிக்காது, இழுக்கும். அதனால் முதலில் காய்ந்த துண்டால் கீழிருந்து மேலாகத் தட்ட வேண்டும். காதுக்குப் பின்னால், மூக்கடியில் எல்லாம். பிறகுதான் வெந்நீரில் பிழிந்த துண்டு. அது முகத்தில் கிடக்கும் நேரத்தில் புது பிளேடைக் காகிதத்தோடு மடித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்ட வேண்டும். துண்டை எடுத்ததும் பிரஷ். நுரையைப் பூசக் கூடாது, முடியின் அடிக்குள் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். இடது கைக் கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்தால்தான் வலது கைக்கு வேலை. முதல் தடவை முடி வளரும் போக்கில். மறுபடி நுரை. இரண்டாம் தடவை குறுக்கே. அப்புறம் பச்சைத் தண்ணீர், படிகாரம்.

அதோடு முடியாது. அக்காவின் மேசையில் ஒரு டப்பாவில் பஞ்சு இருக்கும். மில்லிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கிற சுத்தமான பஞ்சு. நாங்கள் மழித்து முடித்ததும், காற்றில் பறக்கிற அளவுக்கு ஒரு திரி பிய்த்து, கன்னத்திலிருந்து தாடை வரை இழுத்துவிடுவார். எங்காவது ஓர் இழை ஒட்டி நின்றால் அங்கே முடி இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் சொல்லமாட்டார். அந்த இழையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் மறுபடி நுரை போடுவேன்.

நம் தொழிலில் கை இன்னொன்றையும் தானாகக் கற்றுக்கொள்ளும். இடது கிருதாவை இறக்கினால் வலது கிருதாவை இறக்கு. இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு கிருதாவின் அடியில் வைத்துக் கண்ணாடியில் பார். இந்தப் பக்கம் ஒரு நூல் கூடினால் அந்தப் பக்கம் ஒரு நூல் கூட்டு. நாளுக்கு இருபது முகம் என்றால் ஒன்பது வருடத்தில் எத்தனை இடது, எத்தனை வலது! மனசு வேறெங்கே போனாலும் கை சமன் பார்த்துக்கொண்டே இருக்கும். என் மனசு அப்போது வேறெங்கோதான் போய்க்கொண்டிருந்தது.

குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கேள்வி பதிலைச் சின்னத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். கையில் நுரை இருக்கும்போது தாளை எடுக்க முடியாது. அதனால் காலையில் மனப்பாடம் செய்ததைச் சவரத்தின் தாளத்தில் ஓட்டிப் பார்ப்பேன். ஓர் இழுப்புக்கு ஒரு பெயர். ஆறுகள், அணைகள், மலைவாழிடங்கள். ஒரு தாடி முடிவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செல்வராஜ் அண்ணன் வந்தார். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். முகம் முழுக்கத் தாடி, தாடி முழுக்கப் பஞ்சு. அவருடைய மனைவி பேச்சி ஒன்பது மாதம். பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அம்மா வீட்டில் இருந்தார். மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் நாலு மாதத்தில் சலித்துப்போய், மேலே மேலே ஒதுக்கச் சொல்லி வருவார்கள். செல்வராஜ் அண்ணன் அப்படி வந்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுக்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை.

இப்போது இடது தாடையில் தாடிக்குள் ஒரு கட்டி. மூன்று நாளாகத் தூக்கமில்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துவிட்டு, "கீறி விடணும். முடிக்குள்ள கீற முடியாது. அந்த எடத்த மட்டும் மழிச்சுட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார். அவர் மழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, மனசு கேட்காமல் மனைவிக்குப் போன் செய்து, மனைவி யோசித்து, இரண்டு மணி நேரம் கழித்து அனுமதி கொடுத்திருந்தார். அனுமதியை என்னிடமும் தானே சொல்ல வேண்டும் என்றாராம். செல்வராஜ் அண்ணன் போனை என் காதில் வைத்தார்.

"தம்பி, நீங்கதான் எடுக்கப் போறீகளா?"

"ஆமா மதினி."

"கட்டியச் சுத்தி ஒரு ரூபாக் காசளவு. அதுக்கு மேல ஒரு முடி படக்கூடாது. ரெண்டு பிள்ளயத் தொலச்சுட்டு இருக்கேன் தம்பி. புரியுதா?"

"காசளவுதான் மதினி. என் பொறுப்பு."

அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். கட்டி மேல் பிரஷ் படக்கூடாது. நுரையை விரலால் எடுத்துச் சுற்றிலும் வைத்தேன். சுற்றியிருந்த தாடியைச் சீப்பால் ஒதுக்கித் துணியால் மூடினேன். தோலைக் கட்டியிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து, அரை அங்குலம் அரை அங்குலமாக, வெளியே பார்த்துத்தான் கத்தியை ஓட்டினேன். உள்ளே பார்த்து ஓட்டினால் ஒரு சறுக்கலில் கட்டி உடைந்துவிடும். அண்ணன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். பைக்குள்ளிருந்து ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு சரி.

வெந்நீர்த் துண்டை நெற்றியிலும் கண்ணிலும் போட்டேன். அந்தச் சூட்டில், மூன்று நாள் கழித்து, அவர் தூங்கிப்போனார். எழுப்ப மனசு வரவில்லை. செத்த நேரம் தூங்கட்டும் என்று பக்கத்தில் நின்றேன். காலையில் படித்த பாடம் ஆறுகள். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, காவிரி, வைகை, தாமிரபரணி... மனசு ஓடத் தொடங்கியது. கை சும்மா இருக்கவில்லை.

எந்த ஆற்றில் சுதாரித்தேன் என்று எனக்கு நினைவில்லை. குனிந்து பார்த்தபோது செல்வராஜ் அண்ணனின் வலது தாடையில், இடது பக்கத்துக்கு நேர் எதிரே, ஒரு நூல் பிசகாமல், வட்டமாக ஒரு ரூபாய்க் காசளவு தோல் தெரிந்தது. என் கத்தியில் கறுப்பு முடி. நுரைகூடப் போட்டிருக்கிறேன். தோலைக்கூட இழுத்துப் பிடித்திருக்கிறேன். எல்லாம் முறைப்படி செய்திருக்கிறேன்.

அவர் கண் விழித்துக் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தார். என்னைப் பிடித்து அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இந்தப் பக்கம் ஏன் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"கை போயிருச்சுண்ணே" என்றேன். அவர் அந்த வட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஓர் ஆளின் தாடிக்கும் இன்னொருவர் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் தொடர்பு கிடையாது. நான் படித்தவன், எனக்கு அது தெரியும். தெரிந்ததால் பயம் துளியும் குறையவில்லை. என்னிடம் நம்பி அளவு சொன்னவர் ஒன்பது மாதக்காரி. ஏதாவது ஆகிவிட்டால், காரணம் அது இல்லை என்று பேச்சி மதினிக்கு யார் எந்தப் பாடத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியும்?

அன்று கடை சாத்தும்போது மாரியக்கா தரையைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "பரிச்சைக்குப் படி. நல்லாப் படி. ஆளு மூஞ்சில வச்சுப் படிக்காத." அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் செல்வராஜ் அண்ணன் திரும்ப வந்தார். கட்டியைக் கீறிவிட்டிருந்தார்கள். இடது பக்கம் சின்னதாகப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். வலது பக்கம் அந்த வட்டம் பளிச்சென்று இருந்தது. கையில் ஒரு பேண்டேஜ் சுருள் வைத்திருந்தார்.

"தம்பி, நாளைக்கு ஞாயித்துக்கிழம. அவளப் பாக்கப் போகணும். ரெண்டு பக்கமும் மறைக்கிற மாதிரி இத உச்சந்தலையோட சேத்துச் சுத்தி விடு. டாக்டர் கழட்டக் கூடாதுன்னாருன்னு சொல்லிக்கிடுதேன்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது. உண்மையில் நிம்மதியாகவே இருந்தது. தாடையில் தொடங்கி, காதை விட்டு, உச்சந்தலை வரை அழகாகச் சுற்றிவிட்டேன். அக்கா உள்ளேயிருந்து வந்து, கட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏலே வேலு, இது என்ன கோலம்?"

சொன்னோம். அக்கா நெற்றியில் கை வைத்தார்.

"ஏப்பா செல்வராசு, நீ வேல பாக்கிறது மில்லுல. உன் பொண்டாட்டி தெனமும் எதுக்குப் பயந்துக்கிட்டு இருப்பா? இந்தத் தலைக்கட்டோட நீ வாசப்படி ஏறுனா, மிஷின் அடிச்சிருச்சுன்னு நெனைப்பா. நீ வாயத் தொறந்து கட்டின்னு சொல்லுறதுக்குள்ள அவளுக்கு அங்கயே வலி வந்துரும். ஒரு காசு முடிய மறைக்க ஒரு உசுரப் பயமுறுத்துவியா?"

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். நான் சுற்றிய கட்டு முழுக்க அவிழ்ந்து விழுந்தது.

"எடுத்தது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நான்."

"அப்ப நாளைக்கு நீயும் போ. நீயே சொல்லு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமக்கா."

சலூனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக் கல்யாணத்துக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கத் தயங்குவோம். ஒன்பது வருடத்தில் அக்கா எனக்குக் கொடுத்த ஒரே ஞாயிறு அது. "தெரியும்லே. ரெண்டு நாற்காலியையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் செல்வராஜ் அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வலது தாடையைக் கைக்குள் வைத்துக்கொண்டே வந்தார். நான் சொல்லப்போவதை மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். மடவார் வளாகத்தில் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெருவில் வீடு. பேச்சி மதினி முன்னறையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புருஷனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் என்னைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி நின்றது.

"இவரு யாரு?"

குரலைக் கேட்டிருக்கிறாரே தவிர என்னைப் பார்த்ததில்லை. "நான்தான் மதினி, சலூன்ல இருந்து. போன்ல பேசினேனே" என்றேன். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணன் மேல தப்பு இல்ல. அவிய தூங்கிட்டாக. நான்தான் இன்னொரு பக்கமும் எடுத்துட்டேன்."

செல்வராஜ் அண்ணன் கையை எடுத்தார்.

மதினி வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். உள்ளே சமையல்கட்டில் அவருடைய அம்மா ஏதோ தாளித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. மதினி "கிட்ட வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். தலைமாட்டில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அந்த வட்டத்தில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"அளவு தப்பல. பக்கம்தான் தப்பியிருக்கு" என்றார். என் பக்கம் திரும்பினார். "வேணும்னு செஞ்சீகளா?"

"இல்ல மதினி."

"அப்ப மனசு எங்க போயிருந்துச்சு?"

"பரிச்சைக்குப் படிக்கேன். காலையில படிச்சத மனசுல ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"என்ன பாடம்?"

"தமிழ்நாட்டு ஆறுகள்."

"சொல்லுங்க பாப்போம்."

விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. கைகட்டி நின்று வடக்கிலிருந்து வரிசையாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு பயந்து சொன்னதில்லை. தாமிரபரணியில் முடித்தேன்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"நம்ம வைப்பாறு எங்க?"

நான் விழித்தேன். நம் மாவட்டத்து ஆறு. சாத்தூருக்குப் போகிற போதெல்லாம் பாலத்தில் தாண்டுகிற ஆறு. தாளிலேயே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

"அத விட்டுட்டு எடுத்தீகளாக்கும் எங்க வீட்டுக்காரரு தாடிய!" என்றார். அப்புறம்தான் சிரித்தார். வயிறு குலுங்க, வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல்கட்டிலிருந்து அவருடைய அம்மா, "ஏட்டி, மெல்லடி, மெல்ல!" என்று கரண்டியோடு ஓடி வந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவிய கேட்டு எடுத்திருந்தா அது வேற. நீங்க மறச்சிருந்தாலும் வேற. வந்து சொல்லிட்டீக. தூங்கையில நடந்ததுக்குச் சாமி கணக்குப் பாக்காது. ஆனா ஒண்ணு தம்பி. அந்தப் பக்கத்துக்கு நான் உத்தரவு குடுத்தேன். இந்தப் பக்கத்துக்குக் குடுக்கல. அது உங்க மேலதான் நிக்கும். பிள்ள நல்லபடியாப் பெறந்து, மொட்ட போடுற அன்னைக்கு நீங்கதான் வந்து எடுக்கணும். எந்த உத்தியோகத்துல இருந்தாலும் வரணும்."

"வாரேன் மதினி."

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் சேரின் பக்கத்தில் எந்தப் பாடத்தையும் ஓட்டவில்லை. முகத்தை மட்டும் பார்த்து மழித்தேன். அக்காவின் பஞ்சு ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, நான் ஒருவருக்கு நுரை போட்டு மேலுதட்டில் கத்தி வைத்திருந்தபோது, அக்காவின் போனில் செல்வராஜ் அண்ணன் கூப்பிட்டார். அக்கா கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கை நின்றது.

"அந்த ஒதட்ட முடிலே முதல்ல" என்றார்.

முடித்தேன். படிகாரம் போட்டேன். துடைத்தேன். அவர் எழுந்து கண்ணாடி பார்த்து வெளியே போகும் வரை அக்கா வாயைத் திறக்கவில்லை.

"பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்காக் கிலோ. தாயும் பிள்ளையும் சொகம்."

நான் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் கழிந்து செல்வராஜ் அண்ணன் தாடி எடுக்க வந்தார். மூன்று தடவை துண்டு மாற்றினேன். இரண்டு பிளேடு பிடித்தது. அந்த இரண்டு வட்டங்களிலும் முடி பாதி வளர்ந்து, தாடிக்குள் இரண்டு குழி மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்து, "எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனி எந்தப் பக்கம்னு சண்டயே இல்ல" என்றார். பத்து மாதம் வெயில் படாத தாடை, நெற்றியை விட இரண்டு மடங்கு வெளுப்பாக இருந்தது. அக்கா பஞ்சை இழுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை போய் அவர் கைக்கே திரும்பியது. இப்போது மின்சார டிரிம்மர் எல்லாக் கடையிலும் இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் பையன்கள் வெந்நீர்த் துண்டையும் நுரையையும் புதிதாகக் கண்டுபிடித்தது போலக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டும் நல்லதுதான். எது கையில் இருந்தாலும், மனசு அந்த முகத்தில் இருந்தால் போதும்.

அடுத்த வருடம் தேர்வு முடிவு வந்தது. அந்தத் தேர்வில் வைப்பாற்றைப் பற்றிக் கேள்வி வந்ததா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். வரவில்லை. வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். வேலையில் சேருவதற்கு முந்தின நாள் கத்தியைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தேன். "வைக்கிறேன். இன்னும் ஒரு வேல பாக்கி இருக்குல்ல" என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நான் சேர்ந்து மூன்றாவது வாரம் அந்த வேலை வந்தது. பிள்ளைக்குப் பதினோராம் மாதம். கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். அக்காவிடம் கத்தியை வாங்கிக்கொண்டு போனேன். அப்பாவும் கூட வந்திருந்தார். என்னைக் கத்தியோடு கடைசியாகப் பார்க்க வேண்டும் என்றார். தாய்மாமன் மடியில் பிள்ளை. தலையை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து, விரல் நுனியால் தேய்த்து முடியை மிருதுவாக்கினேன். பிள்ளைத் தலைக்கு நுரை வேண்டாம், கண்ணில் இறங்கும். உச்சியில் எலும்பு இன்னும் கூடாத இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து வைத்துக்கொண்டு, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன். மனசில் ஆறு இல்லை, அணை இல்லை. அந்தத் தலை மட்டும்தான் இருந்தது.

இடது பக்கம் முடிகிற நேரத்தில் பிள்ளை வீறிட்டது. மாமன் ஆட்டினார், செல்வராஜ் அண்ணன் கிலுகிலுப்பையை ஆட்டினார், ஒன்றும் ஆகவில்லை. நான் கத்தியை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பாதித் தலை வழுவழுப்பாக, பாதித் தலை கறுப்பாக, பிள்ளை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. அழுகை அடங்கட்டும் என்று கத்தியைக் கீழே வைத்துக் காத்திருந்தேன். சுற்றி நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பேச்சி மதினி குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அது விம்மி விம்மி அடங்கியது. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி நிப்பாட்டிட்டீக? அந்தப் பக்கத்தையும் எடுங்க. இந்த வாட்டி நானே உத்தரவு தாரேன்."